ஐந்தாம் வளைவில் ஸ்டியரிங் திரும்பவில்லை

செப்டம்பர் 3, புதன்

டிரைவர் பெத்தணன் மூன்று வாரம் விடுப்புக் கேட்டான். வலது தோளை உயர்த்த முடியவில்லையாம். உயர்த்தினால் கண்ணில் தண்ணீர் வருகிறதாம். உயர்த்திக் காட்டினான். வந்தது. போடியில் எலும்பு டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் காகிதத்தை இரண்டு பக்கமும் படித்துவிட்டுப் பெருந்தன்மையோடு சம்மதித்தேன்.

பெத்தணன் எங்கள் ஏலத்தோட்டத்து ஜீப்பைப் பதினோரு வருடமாக ஓட்டுகிறான். காலையில் மலையடிவாரத்து முந்தலிலிருந்து பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவதும் மாலையில் கொண்டுவந்து இறக்குவதும் அவன் வேலை. தார் ரோடு முடிந்த பிறகு தோட்டம் வரை நான்கு கிலோமீட்டர் மண்ணும் கல்லும்தான். ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள். ஜீப் என் அப்பா வாங்கியது. நான்கு சக்கரமும் இழுக்கும். ஸ்டியரிங்கை மட்டும் மனிதன்தான் இழுக்க வேண்டும்.

வாசல்வரை போய்த் திரும்பினான். "மொதலாளி, நான் வர்றதுக்குள்ள அந்தப் பவர் ஸ்டேரிங்க..." என்று ஆரம்பித்தான். மூன்று வருடமாக ஆரம்பிக்கிறான்.

"பெத்தணா, ஸ்டியரிங்குக்கு வேண்டியது பலம் இல்லப்பா, பக்குவம்" என்றேன். மூன்று வருடமாக இதையும் சொல்கிறேன். நல்ல வாக்கியம். முதல் தடவை சொன்னபோது பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

காய் எடுக்கும் பருவம்; நிறுத்த முடியாது. மாற்று டிரைவர் தேடப் போவதில்லை. மூன்று வாரமும் நானே ஓட்டுவேன். இளமையில் இதே ஜீப்பை ஒற்றைக் கையால் ஓட்டியிருக்கிறேன். கல்லூரி மைதானத்தில்.

செப்டம்பர் 4, வியாழன்

சரித்திரத்துக்காக இன்றைய பயணத்தை விவரமாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஐந்தாம் வளைவு மிகவும் குறுகல். ஸ்டியரிங்கை முழுதும் திருப்பி முடிப்பதற்குள் வண்டி எதிர்க்கரையில் முட்டி நின்றுவிடும். பிறகு கொஞ்சம் பின்னால் வந்து மறுபடி திருப்ப வேண்டும். அப்போது வண்டி சரிந்து பள்ளத்துக்குப் போய்விடாமல் இருக்க, பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு பலாக்கட்டையைக் கொடுப்பார்கள். கட்டைக்குப் பொறுப்பு ஒச்சம்மாள். வயது அறுபதுக்கு மேல். வண்டியின் கடைசியில் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், வளைவு வந்ததும் குதிப்பாள், கட்டையைப் போட்டுவிட்டு வண்டியின் பக்கத் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "போட்டாச்சு!" என்பாள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார்.

பெத்தணன் மற்ற எட்டு வளைவுகளையும் ஒரே திருப்பில் திருப்பிவிடுவான். கட்டை ஐந்தாம் வளைவுக்கு மட்டும்தான்.

எனக்கு இன்று ஒன்பது வளைவுக்கும் கட்டை தேவைப்பட்டது. மூன்றாம் வளைவில் இரண்டு தடவை. தோட்டம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் தாமதம்.

"மொதலாளி, இன்னிக்கு நாங்க ஏலக்கா எடுத்ததவிட கட்டை எடுத்ததுதான் சாஸ்தி" என்றாள் ஒச்சம்மாள்.

சிரித்தேன். தலைமைக்கு நகைச்சுவை உணர்வு அவசியம்.

செப்டம்பர் 5, வெள்ளி

தோள்பட்டையில் லேசான வலி. மலைக்காற்றாக இருக்கலாம்.

செப்டம்பர் 6, சனி

மலைக்காற்று இல்லை. காலையில் தலை வாரக் கை எழவில்லை. வசுமதிதான் சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டாள். போட்டுக்கொண்டே, "பெத்தணனுக்கு யாரு பட்டன் போட்டுவிடுறாங்க?" என்று கேட்டாள்.

எனக்கு எப்படித் தெரியும்? முப்பது வருடத் தாம்பத்தியத்தில் சம்பந்தமில்லாத கேள்விகள் கேட்பது அவள் வழக்கம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

தோட்டத்துக்கு விடுமுறை. இன்ஜின் ஆயில் அளவு பார்ப்பதற்காக முகமது கனியின் பட்டறைக்குப் போனேன். ஆயில் சரியாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்ததற்கு, பவர் ஸ்டியரிங் என்றால் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்று பொதுவாக விசாரித்தேன்.

"யாரு வண்டிக்குண்ணே?"

"பொதுவாத்தான் கேக்குறேன் கனி."

கனி பொதுவாகச் சொன்னார். பழைய ஸ்டியரிங் பெட்டியைக் கழற்றிவிட்டு எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற பெட்டியை வைக்க வேண்டும். இன்ஜின் பக்கத்தில் ஒரு பம்பு, அதைச் சுற்ற ஒரு பெல்ட். பெட்டி உட்காரும் இடத்தில் சேசிஸுக்குத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் காட்டுப் பாதையில் சேசிஸ் விண்டுபோகும். பம்பைத் தாங்குகிற பிராக்கெட் மட்டும் கடையில் கிடைக்காது. நம் இன்ஜினுக்குத் தகுந்தபடி அளவெடுத்து லேத்தில் செய்துகொள்ள வேண்டும்.

"அளவெடுக்க எத்தனை நாளாகும்?"

"அளவு இருக்குல்ல" என்று அலமாரிக்கு மேலே கைவிட்டு ஒரு அட்டையை எடுத்துத் தூசி தட்டினார். பிஸ்கட் பெட்டியின் அட்டை. பிராக்கெட் வடிவத்தில் கத்தரித்திருந்தது. போல்ட் வரும் இடங்களில் ஓட்டை. ஒரு மூலையில் பால்பாயிண்ட் பேனாவில், "மொதலாளி சரின்னா" என்று எழுதியிருந்தது.

"பெத்தணன் வெட்டிக் குடுத்ததுண்ணே. மூணு வருசம் இருக்கும். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வந்து, கனி பாய், அட்டை பத்திரமா இருக்கான்னு கேட்டுட்டுப் போவான். நான் எங்கிட்டு தூக்கிப் போட!"

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

மழை. ஒன்பது வளைவு. பதினோரு கட்டை.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஐந்தாம் வளைவில் சிறு சம்பவம்.

ஒச்சம்மாள் கட்டை போட்டாள், தட்டினாள். பிரேக்கை விட்டேன். முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி ஸ்டியரிங் கையை உதறிக்கொண்டு சுழன்றது. பிடிக்கத் தோளில் பலம் இல்லை. வண்டி கட்டையை அமுக்கி ஏறிப் பின்னால் போய்ப் பாறையில் இடித்து நின்றது. பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒச்சம்மாள் தப்பிக்கப் பாதையோர ஓடைக்குள் பாய்ந்துவிட்டாள்.

இறங்கி முதலில் மட்கார்டைப் பார்த்தேன். பிறகு ஒச்சம்மாளைப் பார்த்தேன். இரண்டிலும் பெரிய சேதமில்லை.

அவள் ஓடையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். தலைவன் ஏதாவது சொல்ல வேண்டிய தருணம் என்று தோன்றியது. "ஸ்டியரிங் சரியில்ல" என்றேன்.

ஒச்சம்மாள் சேலையில் ஒட்டிய சேற்றைத் தட்டினாள். "அதத்தான மொதலாளி பெத்தணனும் சொன்னான்."

மூன்று வருடம் முன்பு பெத்தணனும் இதே வளைவில் இதே பாறையில் உரசினான். அது தொடர்பாக ஒரு கடிதம் உண்டு. அதைப் பற்றி இங்கே எழுத அவசியமில்லை.

செப்டம்பர் 10, புதன்

வண்டியைக் கனியிடம் விட்டேன். பவர் ஸ்டியரிங் போடச் சொல்லிவிட்டேன். தொழிலாளர் பாதுகாப்பு எனக்கு எப்போதும் முக்கியம். வண்டி வரும்வரை பக்கத்துத் தோட்டத்து ஜீப்பில் பெண்கள் போய்வருவார்கள்.

கனி அலமாரி மேலிருந்து அட்டையை எடுத்தார்.

நான் ஸ்டியரிங் பிடித்தது நான்காம் தேதி. இன்று பத்து. மூன்று வருடமாக எடுக்க முடியாத முடிவு ஆறு நாளில் சாத்தியமாயிற்று. அதிலும் ஒரு ஞாயிறு.

செப்டம்பர் 12, வெள்ளி

கனி ஆர்.சி. புத்தகம் கேட்டார். ஜீப் கோப்பில் தேடியபோது கடிதம் கையில் வந்தது. எழுத அவசியமில்லை என்று செவ்வாய்க்கிழமை எழுதியிருக்கிறேன். இன்று வேறு வேலை இல்லை.

உரசல் நடந்த மறுநாள் பெத்தணனிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் எழுத்து மூலம் பதிவு இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. அவன் கொண்டுவந்து கொடுத்தது இது:

"அஞ்சாம் வளைவுல ஸ்டேரிங் திரும்பல. ரொம்ப இருக்கமா இருக்கு. தோள் புடிச்சுகிச்சு. வண்டி ஒரசிருச்சு. பவர் ஸ்டேரிங் போட்டா நல்லது. பொம்பளயாளுக உக்காந்து வர்ற வண்டி. மன்னிச்சுக்குங்க."

நான் சிவப்பு மையில் திருத்தினேன். பேச்சு வழக்கை நீக்கினேன். விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதவற்றை அடித்தேன். திருத்தி முடித்தபோது ஒரே வாக்கியம் மிஞ்சியது: "ஐந்தாம் வளைவில் எனது கவனக்குறைவாலேயே வண்டி உரசியது, இதற்காக வருந்துகிறேன்."

அதை அழகாக எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். எழுத்துப் பிழைக்காக ஒரு தடவை திருப்பி அனுப்பினேன். தேதி போடவில்லை என்று இன்னொரு தடவை அனுப்பினேன். மூன்றாவதை ஏற்றுக்கொண்டு, காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில், பத்து மணி டீயின்போது, பெண்கள் முன்னால் அவனையே வாசிக்கச் சொன்னேன். நடையழகு எப்படி இருக்கிறது என்று காட்ட. வாசித்தான். "கவனக்குறைவாலேயே" என்ற இடத்தில் ஏகாரத்தை விட்டுவிட்டான். அதையும் திருத்தினேன்.

மூன்று பிரதிகளும் கோப்பில் இருக்கின்றன. நான் எதையும் தூக்கிப் போடுவதில்லை. முதல் பிரதியில் சிவப்பு மைக்குக் கீழே "ஸ்டேரிங் திரும்பல" என்பதை இன்றும் வாசிக்க முடிகிறது. மெல்லிய கோடாகத்தான் போட்டிருக்கிறேன்.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 13, சனி

பட்டறைக்குப் போனேன். பிராக்கெட் லேத்திலிருந்து வந்துவிட்டது. பெத்தணனின் அட்டையை வைத்துச் செய்தது. போல்ட் ஓட்டைகள் நான்கும் ஒரு மயிரிழை மாறாமல் உட்கார்ந்தன.

பெட்டிதான் தகராறு செய்தது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி வைத்து, "எடப்பக்கம் திருப்புங்கண்ணே" என்றார் கனி. திருப்பினேன். சக்கரங்கள் வலப்பக்கம் போயின. மறுபடி திருப்பினேன். மறுபடியும் அப்படியே. பெட்டி வேறு வண்டியினுடையது. சக்கரத்தைத் தள்ளுகிற அதன் இரும்புக் கை நீளும் திசை நம்முடையதற்கு நேர் எதிர். கனி தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"இப்படியே விட்டாலும் ஓட்டலாம்ணே. எங்க போகணுமோ அதுக்கு மாத்தித் திருப்பினாப் போதும். தேர்தல்ல நிக்கிற ஆளுகளுக்குத் தோதா இருக்கும்."

தோளில் வலி இருந்தும் சிரித்துவிட்டேன். சிரிக்கும்போதே அட்டை கண்ணில் பட்டது. பெஞ்சில் கிடந்தது, எழுத்து மேலே தெரிய.

செப்டம்பர் 15, திங்கள்

வேறு பெட்டி வந்தது. இடப்பக்கம் இடப்பக்கமாயிற்று. எண்ணெய் ஊற்றினார்கள். குழாயில் காற்று நின்றால் வேலை செய்யாதாம். அதனால் முன்சக்கரங்களைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், எண்ணெயில் குமிழி அடங்குகிறவரை. நான் திருப்பினேன். பிறகு ஜாக்கியை இறக்கி, இன்ஜினை ஓடவிட்டு, தரையில் நிற்கும் வண்டியில் திருப்பச் சொன்னார் கனி.

ஒரு விரல். ஆள்காட்டி விரல் மட்டும். முழு வண்டியும் திரும்பியது.

பதினைந்து நிமிடம் சும்மா திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "என்னண்ணே, நல்லா இருக்கா?" என்றார். நன்றாக இருந்தது. அதுதான் பிரச்சினை.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஒன்பது வளைவையும் ஒரே திருப்பில் ஏறினேன். ஒச்சம்மாள் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, வேலையில்லாத அதிகாரி மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஐந்தாம் வளைவு தாண்டியதும் பெண்கள் குலவை போட்டார்கள்.

"ஆத்தி, பூ மாதிரில்ல திரும்புது! பெத்தணனுக்காகவா மொதலாளி போட்டீக?" என்று சின்னத்தாய் கேட்டாள். பெண்களில் இளையவள், மனதில் பட்டதைக் கேட்பவள்.

"ஆமா" என்றேன்.

செப்டம்பர் 17, புதன்

தோள் வலி குறைந்துவிட்டது. எழுத வேறெதுவும் இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

"ஆமா" முந்தலுக்கு இறங்கி, பெத்தணன் வீட்டுக்குப் போய்விட்டது.

மதியம் போன் செய்தான். "மொதலாளி, எனக்காக இம்புட்டுச் செஞ்சிருக்கீக. நான் ஒண்ணு சொல்லணும். இனிமே வரவேணாம்னுதான் இருந்தேன். மில்லுல வாச்மேன் வேலைக்குச் சொல்லி வச்சிருந்தேன். டாக்டரு, தோளு இனி பழையபடி வராது, முன்னாடியே நிறுத்தியிருக்கணும்னுட்டாரு. இப்ப ஒங்க மனசு தெரிஞ்சப்பறம் எங்க போவேன்? இருபத்திநாலாந் தேதி வந்துருவேன்" என்றான்.

"ஒடம்பப் பாத்துக்கோ" என்றேன். அதற்கும் எனக்கு நன்றி சொன்னான்.

சாயங்காலம் அவன் மனைவி ஒரு தூக்குவாளி நிறைய மொச்சைக் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தாள். நான் போனில் பேசியதை வசுமதி கேட்டிருக்கிறாள். என் தட்டில் குழம்பை ஊற்றினாள். ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

குழம்பு நன்றாகத்தான் இருந்திருக்கும்.

செப்டம்பர் 20, சனி

உண்மையைச் சொன்னால் அவன் மில்லுக்குப் போய்விடலாம். சொல்லாவிட்டால் வருவான், தினமும் காலையில் நன்றியோடு ஹாரன் அடிப்பான். இரண்டில் எது நிர்வாகத்துக்கு நல்லது என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிப் பார்த்தேன். இரண்டாவது பத்தி எல்லா வகையிலும் மேலாக இருந்தது. கிழித்துப் போட்டேன். நான் எதையும் தூக்கிப் போடுவதில்லை என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு மூன்று பக்கம் வந்தது. அதிகாரம், அறியாமை, காலத்தின் கோலம் எல்லாம் இருந்தன. மிக நல்ல நடை. பெத்தணனைப் பற்றி நான்கு வரி இருந்தது.

வசுமதியிடம் கொடுத்தேன். படித்தாள். "இதுல யாரு யாருகிட்ட மன்னிப்புக் கேக்குறாங்க?" என்றாள்.

மறுபடி எழுதினேன். ஆறாவது வரைவில் அரைப் பக்கமாயிற்று. பேச்சு வழக்கை நீக்கவில்லை. சம்பந்தமில்லாதவை என்று எதையும் அடிக்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

பெத்தணன் வந்தான். வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தான், குனிந்து பிராக்கெட்டைப் பார்த்தான், தொட்டான். "என் அட்டை" என்றான். இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து மலை ஏறினான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் வளைவைத் தாண்டியதும் என்னைப் பார்த்துக் கண் கலங்கச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குச் சேர வேண்டியது இல்லை. சட்டைப் பையில் கடிதம் இருந்தது. அப்போதே வண்டியிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது.

பத்து மணிக்கு, ஸ்டோர் வாசலில், டீயின்போது, எல்லாரையும் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு வாசித்தேன்.

"மூணு வருசத்துக்கு முன்னாடி அஞ்சாம் வளைவுல ஸ்டியரிங் திரும்பல. பெத்தணன் அதத்தான் எழுதிக் கொடுத்தார். அத நான் அடிச்சுட்டு, கவனக்குறைவுன்னு எழுத வச்சு, இங்க நின்னு வாசிக்கவும் வச்சேன். அவர் தோள் போனதுக்கு நான்தான் காரணம். பவர் ஸ்டியரிங் அவருக்காகப் போடல. எனக்குத் தோள் வலிச்சது, ஆறாவது நாளு போட்டேன். அவருக்காகன்னு சொன்னது பொய். வண்டி இடிச்ச அன்னிக்கு ஒச்சம்மாவ நான் முதல்ல பாக்கல, மட்கார்டப் பாத்தேன். மன்னிச்சுக்குங்க."

யாரும் டீயைக் குடிக்கவில்லை.

பெத்தணன் எழுந்து வந்து கடிதத்தை வாங்கினார். இடது கையில் பிடித்து, உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் படித்தார். முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. முடித்துவிட்டு மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை பார்த்தார்.

"தேதி போடல மொதலாளி" என்றார்.

பேனாவை எடுத்தேன். "இன்னிக்குத் தேதியா?"

"அன்னிக்குத் தேதிய."

அன்றைய தேதி எனக்கு நினைவில்லை. கோப்பில் பன்னிரண்டு நாளுக்கு முன்புதான் பார்த்தேன்; ஆனாலும் நினைவில்லை. அவர் காத்திருந்தார். எனக்குத் தெரியவில்லை என்று தெரிந்துகொள்கிறவரை காத்திருந்தார்.

"ஆகஸ்ட் பதினேழு. புதன்கெழம."

எழுதினேன். தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மாலை எல்லாரையும் இறக்கிவிட்டு, சாவியை வழக்கமான ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். நாளைக்கு வருவீர்களா என்று கேட்க வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

ஆறு மணிக்கு ஹாரன் கேட்டது. ஒரு தடவைதான். நன்றி எதுவும் அதில் இல்லை.

நானும் கிளம்பினேன். முந்தலில் பெண்கள் ஏறினார்கள். ஒச்சம்மாள் நேராக முன்பக்கம் வந்து நின்றாள். "எனக்கு இடுப்பு வலிக்குது மொதலாளி. ஓடையில விழுந்ததுலருந்து. முன்னாடி உக்காந்துக்கிறேன்." நான் இறங்கிப் பின்னால் போனேன். கடைசி இடம் காலியாக இருந்தது. சின்னத்தாய் கட்டையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

நான்கு வளைவுகள் ஒரே திருப்பு. ஐந்தாம் வளைவில் பெத்தணன் வண்டியை நிறுத்தினார். திருப்ப இடம் இருந்தது. ஸ்டியரிங்கும் திரும்பும். எல்லாருக்கும் தெரியும்.

முன்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "கட்டை."

குதித்தேன். குதிக்க வேண்டிய உயரம் நான் நினைத்திருந்ததைவிட அதிகம். பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்தேன். சேறு முழங்கைவரை. தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"சத்தம் கேக்கல!" என்றாள் ஒச்சம்மாள், முன்சீட்டிலிருந்து.

"போட்டாச்சு!" என்று கத்தினேன்.

வண்டி ஒரே திருப்பில் வளைந்து மேலே போனது. கட்டை அசையக்கூட இல்லை. அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். மேலே, இன்ஜினை அணைக்காமல், வண்டி நின்றுகொண்டிருந்தது.